ரிமோட் பந்தயப் படகின் மோட்டார் கருகாமல் இருக்க

கொங்கு நாட்டில் மோட்டாரைப் பற்றி யாருக்கும் அரிச்சுவடி சொல்லித்தர வேண்டியதில்லை. கிணற்று மோட்டார், மில் மோட்டார், கிரைண்டர் மோட்டார் என்று ஏதோ ஒன்று ஓடும் சத்தத்திலேயே இங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937-இல் இங்கேதான் உருவானது என்ற பெருமையும் கோவைக்கு உண்டு. அப்படியிருந்தும், மின்சார ரிமோட் படகுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் சில வாரங்களிலேயே மோட்டாரைக் கருக்கிவிடுகிறார்கள். கருக்கிய பிறகு எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “இன்னும் பெரிய வாட்டர் ஜாக்கெட் (மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறை) போட்டால் சரியாகிவிடுமா?”

பெரும்பாலும் ஆகாது. போர்வெல்லுக்குள் இறங்கிய மோட்டார் நாள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேதான் கிடக்கிறது, அதுவும் எரிகிறது. சுமை கூடினாலோ வோல்டேஜ் இறங்கினாலோ எவ்வளவு தண்ணீர் சூழ்ந்திருந்தாலும் உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் (காயில்) போய்விடும் என்பது தோட்டம் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். படகிலும் வரிசை அதேதான். முதலில் சுமை, அடுத்து புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட்டின் உராய்வு, கடைசியில் தண்ணீர். கீழே உள்ளவற்றையும் அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

சூடு எங்கே பிறக்கிறது

மோட்டாருக்குள் சூடு பிறக்க முக்கியமான இடங்கள் இரண்டு. ஒன்று செம்புக் கம்பி. இங்கே பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மற்றொன்று கம்பி சுற்றியிருக்கும் இரும்புத் தகடுகள். மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவுக்கு அங்கே சூடு கூடும்.

செம்பு சூடாகும்போது அதன் மின்தடையும் ஏறும். 25 டிகிரியில் இருந்ததைவிட 100 டிகிரியில் ஏறக்குறைய 30 சதவீதம் அதிகத் தடை. அதாவது சூடான மோட்டார், அதே ஆம்பியருக்கு முன்னைவிட அதிகச் சூட்டை உண்டாக்கும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த படகு கடைசி இரண்டு சுற்றில் திடீரென்று கெட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்பியின் வார்னிஷ் கருகுவதைத்தான் எல்லோரும் நினைத்துப் பயப்படுகிறார்கள். நடைமுறையில் முதலில் சாவது பெரும்பாலும் காந்தம். சாதாரணத் தர நியோடிமியம் காந்தத்துக்கு 80 டிகிரிதான் எல்லை. ‘எச்’ வகை 120 வரையும், ‘எஸ்.எச்.’ வகை 150 வரையும் தாங்கும். எல்லையைத் தாண்டினால் இழந்த காந்த சக்தி ஆறிய பிறகும் முழுதாகத் திரும்பாது. வலுவிழந்த காந்தத்தோடு அதே வேலையைச் செய்ய மோட்டார் முன்னைவிட அதிக ஆம்பியர் இழுக்கும். அதனால் இன்னும் சூடாகும். வெளியே பார்த்தால் மோட்டார் புதிதுபோலப் பளபளவென்று இருக்கும். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலரையும் சேர்த்துக் கொல்வது இப்படிப்பட்ட மோட்டார்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பந்தயப் படகுகளில் வரும் உருளை வடிவ மோட்டார்களில் காந்தம் நடுவில் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. கம்பி அதைச் சுற்றி வெளியே. வாட்டர் ஜாக்கெட் அதற்கும் வெளியே. காந்தத்துக்கும் கம்பிக்கும் நடுவில் காற்று இடைவெளி. ஆகவே ஜாக்கெட்டுக்குள் பனிக்கட்டித் தண்ணீரையே விட்டாலும் காந்தத்தின் சூட்டை அது நேராக எடுக்க முடியாது. வாட்டர் ஜாக்கெட்டை நம்பிச் சுமையைக் கூட்டக்கூடாது என்று சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

மோட்டாரும் பேட்டரியும்

கணக்குக்கு வசதியாக ஓர் உதாரணப் படகை எடுத்துக்கொள்வோம். 3660 மோட்டார்: முதல் இரண்டு எண் 36 மி.மீ. விட்டம், அடுத்த இரண்டு 60 மி.மீ. நீளம். கே.வி. 2000. அதாவது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று. நான்கு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 14.8 வோல்ட். பெருக்கினால் 29,600 சுற்று. புதியவருக்கு இந்தக் கணக்கு 25,000-க்கும் 30,000-க்கும் நடுவில் நிற்பது நல்லது. இதைவிட மேலே போகிற படகுகள் உண்டு. அவற்றை ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்.

“மூன்று செல்லில் நன்றாக ஓடியது, நான்கு செல் போட்டேன்” என்ற கதையை அடிக்கடி கேட்கலாம். வேறெதையும் மாற்றாமல் செல்லை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? சுழற்சி மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. புரொப்பல்லர் கேட்கும் சக்தி சுழற்சியின் மும்மடிக்கு ஏற்ப ஏறும் என்பதால் அது 2.4 மடங்கை நெருங்குகிறது. மின்னோட்டம் சுமார் 1.8 மடங்கு. செம்பில் பிறக்கும் சூடு மூன்று மடங்குக்கும் மேல். படகு தண்ணீரை விட்டு எழும்பி ஓடும்போது இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, கொஞ்சம் குறையும். ஆனால் ‘கொஞ்சம் குறைவான மூன்று மடங்கு’ என்பதும் மோட்டாருக்கு எமன்தான்.

வோல்ட்டைக் கூட்டினால் கே.வி.-யைக் குறைக்க வேண்டும். ஆறு செல்லுக்குச் சுமார் 1330 கே.வி. போட்டால் சுழற்சி அதே அளவில் நிற்கும், ஆம்பியர் இறங்கும். அதனால் ஒயர்கள், கன்ட்ரோலர், பேட்டரி எல்லாம் நிம்மதியாக இருக்கும். மோட்டாருக்குள் பிறக்கும் செம்புச் சூடு மட்டும் இதனால் பெரிதாகக் குறையாது. குறைந்த கே.வி. மோட்டாரில் கம்பிச் சுற்றுகள் அதிகம், தடையும் அதிகம். இறங்கிய ஆம்பியரின் லாபத்தை அது தின்றுவிடும். மோட்டார் குளிர வேண்டுமென்றால் அதே கே.வி.-யில் நீளமான மோட்டாருக்குப் போக வேண்டும். 3660 இருந்த இடத்தில் 3674. எடை கொஞ்சம் கூடும், கூடட்டும். கையில் காசிருந்தால் முதல் செலவை இதில் செய்யுங்கள்.

கன்ட்ரோலரில் ‘டைமிங்’ என்று ஓர் அமைப்பு இருக்கும். அதைக் கூட்டினால் வேகமும் கூடும், சூடும் கூடும். புதியவர் தயாரிப்பாளர் சொன்ன அளவின் கீழ்ப்பக்கத்தில் வைத்துவிட்டு அதை மறந்துவிடலாம்.

புரொப்பல்லர்

இங்கேதான் எல்லாம் இருக்கிறது. ஒரு படகின் மோட்டார் கருகியது என்று சொன்னால், நான் முதலில் கேட்பது “என்ன புரொப்பல்லர்?” என்றுதான்.

அளவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ் வரிசையில் ‘442’ என்று இருந்தால் விட்டம் 42 மி.மீ., பிட்ச் விகிதம் 1.4. அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு, வழுக்கல் எதுவும் இல்லாமல் போனால், விட்டத்தின் 1.4 மடங்கு தூரம் முன்னே செல்லும் வடிவம். வேறு சில தயாரிப்பாளர்களும் இதே முறையில் எண் கொடுக்கிறார்கள்.

ஒரே வடிவமுள்ள புரொப்பல்லர்கள் ஒரே வேகத்தில் சுற்றினால், அவை கேட்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு ஏற்ப ஏறும். 40 மி.மீ.-யிலிருந்து 42-க்கு மாறினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணக்கில் சக்தி ஏறக்குறைய 28 சதவீதம் கூடுகிறது, செம்புச் சூடு 60 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. இரண்டு மில்லிமீட்டர்! அந்த இரண்டு மில்லிமீட்டரால் ஆன வேலையை எந்த ஜாக்கெட்டும் திருப்பி எடுக்காது.

அதனால் செய்ய வேண்டியது இது. படகோடு வந்த அளவையோ, அதற்கு ஒரு படி சிறியதையோ போட்டுத் தொடங்குங்கள். ஓட்டி, சூடு பார்த்து, இடம் இருந்தால் மட்டும் ஒரு படி ஏறுங்கள். புரொப்பல்லரை மாற்றும் நாளில் வேறெதையும் மாற்றாதீர்கள். செல், புரொப்பல்லர், டைமிங் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு “எதனால் சூடானது?” என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

உலோகப் புரொப்பல்லர்கள் பல கடையிலிருந்து வரும்போது மொட்டையாகத்தான் வரும். விளிம்பைக் கூர்மையாக்க வேண்டும். இரண்டு இதழும் ஒரே எடையில் நிற்கும்படி சமன்செய்ய வேண்டும். சமன்செய்யாத புரொப்பல்லர் நிமிடத்துக்கு 30,000 சுற்றில் ஷாஃப்ட்டை உலுக்கும். அந்த உலுக்கல் பேரிங்குக்கும் உராய்வுக்கும் போய்ச் சேரும். மெல்லிய ஊசி ஒன்றில் புரொப்பல்லரைக் கோத்து, இரண்டு பிளேடு முனைகளின் மேல் கிடத்திப் பாருங்கள். எந்த இதழ் கீழே இறங்குகிறதோ அதன் தண்ணீரைத் தள்ளாத முகத்தைச் சிறிது சிறிதாகத் தேய்க்க வேண்டும். முன் விளிம்பில் கை வைக்க வேண்டாம்.

புரொப்பல்லர் எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்பதும் சுமைதான். பந்தயப் படகுகளில் இதழின் பாதிதான் தண்ணீருக்குள் இருக்கும். மேல் பாதி காற்றில் வெட்டும். ஷாஃப்ட்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டைக் கீழே இறக்கினால் இதழ் ஆழமாகப் போகும், ஆம்பியர் ஏறும். படகின் எடை முன்னுக்குத் தள்ளியிருந்தாலும் மூக்கு தண்ணீரை உழுது, சுமை ஏறும். எடையின் மையம் பின்பலகையிலிருந்து படகின் நீளத்தில் 30 சதவீத அளவில் இருக்கும்படி பேட்டரியை நகர்த்தித் தொடங்குங்கள். அங்கிருந்து அரை சென்டிமீட்டர் முன்பின் தள்ளிப் பார்ப்பது அவரவர் படகைப் பொறுத்தது.

ஷாஃப்ட்: கையால் பார்க்க வேண்டியது

பேட்டரியைக் கழற்றுங்கள். மோட்டாருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே உள்ள கப்ளிங்கைத் தளர்த்துங்கள். இப்போது ஷாஃப்ட்டை விரல் நுனியால் பின்னே இழுத்து மறுபடி முன்னே தள்ளுங்கள். அது கப்ளிங்கின் துளைக்குள் தானாக வழுக்கிக்கொண்டு நுழைய வேண்டும். துளையின் ஓரத்தில் முட்டி நின்றாலும், நீங்கள் ஒரு பக்கமாகத் தூக்கிவிட்டால்தான் நுழைகிறது என்றாலும் நேர்கோடு சரியில்லை. மோட்டார் தாங்கியின் திருகுகளைத் தளர்த்தி, அடியில் மெல்லிய வாஷர் வைத்து, முட்டாமல் நுழையும்வரை சரிசெய்யுங்கள். பிறகு கப்ளிங்கை இறுக்கி, புரொப்பல்லரைக் கையால் சுற்றிப் பாருங்கள். காந்தம் தட்டித் தட்டி விடுவது இயல்பு. ஒரு முழுச் சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் கனமாக இருந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது.

இந்த ஒரு வேலைக்கு அரை நாள் ஆனாலும் பரவாயில்லை. முடியாவிட்டால் கோவையில் ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டுங்கள். பம்பு ஷாஃப்ட்டையே வாழ்நாளெல்லாம் பார்த்த கண், இதைத் தூக்கிப் பிடித்தவுடனே எங்கே கோணல் என்று சொல்லிவிடும். ‘இது விளையாட்டுச் சாமான்தானே’ என்று முதலில் சிரிப்பார்கள். 30,000 சுற்று என்று சொல்லுங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

வளையும் கம்பி ஷாஃப்ட் உள்ள படகுகளில் இன்னொரு சங்கதி உண்டு. சுமை ஏறும்போது கம்பியின் முறுக்கு இறுகி அது நீளத்தில் சற்றுக் குறுகும். புரொப்பல்லரைப் பிடிக்கும் துண்டுக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. வரை இடைவெளி விடாவிட்டால், முழு வேகத்தில் அது ஸ்ட்ரட்டோடு ஒட்டி பிரேக் போட்டதுபோலத் தேய்க்கும். கரையில் கையால் சுற்றும்போது இது தெரியவே தெரியாது.

கிரீஸ்: நீர்புகாத கடல்வகை கிரீஸ்தான் வேண்டும். சைக்கிள் கடைக் கிரீஸ் தண்ணீரில் கரைந்து போய்விடும். கம்பி ஷாஃப்ட்டை ஒவ்வொரு ஓட்ட நாளின் முடிவிலும் வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி தடவிப் போடுங்கள்.

தண்ணீர் ஓட்டம்

இப்போதுதான் தண்ணீருக்கு வருகிறோம். உதாரணப் படகு சராசரி 1000 வாட் இழுக்கிறது, அதில் 15 சதவீதம் சூடாகப் போகிறது என்று வையுங்கள்: 150 வாட். சுமார் 300 கிராம் உலோகத்துக்குள் இந்த 150 வாட் போனால், குளிர்ச்சி எதுவும் இல்லாதபோது விநாடிக்கு 1 டிகிரிக்கும் மேல் ஏறும். 35 டிகிரியில் கிளம்பிய மோட்டார் ஒரு நிமிடத்தில் நூறைத் தொட்டுவிடும். தண்ணீர் எடுக்கும் துளையில் ஒரு துணுக்குப் பாசி அடைத்துக்கொண்டால் உங்களுக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

மறுபக்கமும் பாருங்கள். நிமிடத்துக்கு வெறும் அரை லிட்டர் தண்ணீர் அந்த 150 வாட்டை முழுவதும் எடுத்துக்கொண்டாலும் அது 4 டிகிரி சொச்சம்தான் சூடாகும். அதாவது தண்ணீரின் அளவு அநேகமாக எப்போதும் போதும். அது ஓடிக்கொண்டே இருக்கிறதா, மோட்டாரின் உடலை ஒழுங்காகத் தொடுகிறதா என்பதே கேள்வி. பெரிய குழாய், இரட்டைப் பம்பு என்று செலவழிப்பதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

தண்ணீர் எடுக்கும் துளை பெரும்பாலும் சுக்கானிலேயே, புரொப்பல்லர் தள்ளிவிடும் நீர் வந்து மோதும் இடத்தில் இருக்கும். படகு எழும்பி ஓடும்போது சுக்கானின் கீழ்ப்பகுதி மட்டும்தான் நீருக்குள் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். துளை மேலே இருந்தால், நிற்கும்போது நனைந்திருக்கும். வேகம் எடுத்ததும் காற்றைக் குடிக்கும்.

ஜாக்கெட்டில் இரண்டு வகை உண்டு. இரு முனையிலும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வைத்து, தண்ணீர் நேராக மோட்டார் உடலைத் தொட்டு ஓடும் வகை. தனி மூடிய உறையாகவோ சுருள் குழாயாகவோ மோட்டார் மேல் மாட்டும் வகை. முதல் வகையில் பசை எதுவும் தேவையில்லை. ஓ-ரிங் கிழியாமல் இருந்தால் போதும், மாட்டும்போது துளி சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். இரண்டாம் வகையில் உறைக்கும் மோட்டாருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அங்கே காற்று நின்று சூட்டைத் தடுக்கும். கணினி பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும் வெப்பப் பசையை மெல்லிதாகத் தடவி மாட்டுங்கள்.

மோட்டாருக்கும் கன்ட்ரோலருக்கும் தனித்தனித் துளை, தனித்தனிக் குழாய் என்பதே என் தேர்வு. ஒரே குழாய்தான் என்றால் முதலில் கன்ட்ரோலர், பிறகு மோட்டார். சிலிக்கான் குழாய் வளைவில் மடிந்து அடைத்துக்கொள்ளும். கூர்மையாக வளையும் இடத்தில் சிறிய அலுமினியக் குழாய்த் துண்டை வைத்துத் திருப்புங்கள்.

வெளியேறும் முனையைப் படகின் இடப்பக்கம் வையுங்கள். இந்தப் பந்தயங்களில் படகுகள் பொதுவாகக் கடிகார முள் திசையில், வலப்பக்கமாகத் திரும்பி ஓடுகின்றன. கரையில் நிற்கும் உங்கள் முன்னால் படகு குறுக்கே போகும்போது அதன் இடப்பக்கம்தான் உங்களைப் பார்த்திருக்கும். பீச்சி அடிக்கும் தண்ணீர்க் கோடு ஒவ்வொரு சுற்றிலும் கண்ணில் படும். அந்தக் கோடு மெலிந்தாலோ அறுந்தாலோ அந்த நொடியே வேகத்தைக் குறைத்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள். ஆவி வந்தால் ஏற்கெனவே தாமதம்.

கிளம்புவதற்கு முன், மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மி.லி. ஊசியில்லாத சிரிஞ்சால் துளை வழியே தண்ணீர் தள்ளிப் பாருங்கள். மறுமுனையில் தடையில்லாமல் கொட்ட வேண்டும். வீடு திரும்பியதும் இதையே செய்து, கடைசியில் வாயால் ஊதி உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். நம் பக்கத்து போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கெட்டிலின் அடியில் படிவதுபோலவே ஜாக்கெட்டுக்குள்ளும் வெள்ளையாகப் படியும். ஒரு பருவம் முழுக்க விட்டுவிட்டால், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் சூடாகும். காரணம் வெளியே தெரியாது.

எந்தத் தண்ணீரில் விடுவது

கோவையின் குளங்கள் பார்க்க அழகு, படகுக்குக் கொடுமை. ஆகாயத்தாமரையின் வேர் நார்கள், பிளாஸ்டிக் பைகள், தூண்டில் நரம்பு: இவற்றில் எது ஷாஃப்ட்டில் சுற்றினாலும் அந்த நொடியே ஆம்பியர் எகிறும். சத்தம் கனத்து வேகம் இறங்கினால், ‘இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அறுத்துக்கொண்டு வந்துவிடும்’ என்று நினைக்காதீர்கள். விசையை விட்டுவிடுங்கள், படகு மிதக்கட்டும். சிங்காநல்லூர் போன்ற பறவைகள் தங்கும் குளங்களை விட்டுவிட வேண்டும். அது மோட்டாருக்காகச் சொல்வது அல்ல. கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்கால்களில் விடவே கூடாது. நீரோட்டம் படகையும் கொண்டுபோகும், எடுக்க இறங்கும் ஆளையும் கொண்டுபோகும்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தோட்டங்களில் பிளாஸ்டிக் தாள் விரித்து போர்த் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பண்ணைக்குட்டைகள் இருக்கின்றன. பாசி குறைவு, வண்டல் குறைவு, குறுக்கே ஆள் இல்லை. சிறிய படகைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் அந்தத் தாள் நனைந்தால் சோப்புப் போட்ட தரை. சரிவில் விழுந்தவர் நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் ஏறி வர முடியாமல் தவிப்பார். மேலிருந்து தண்ணீர்வரை ஒரு முடிச்சுக் கயிறு கட்டிவிட்டு, தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, துணைக்கு ஆளோடு போங்கள். நின்றுபோன படகை எடுக்க, தூண்டில் கழியின் நுனியில் டென்னிஸ் பந்தைக் கட்டி எறிந்து இழுத்தால் போதும். குளத்தில் இறங்க வேண்டியதில்லை.

முதல் ஓட்டம்

ஓர் இன்ஃப்ராரெட் வெப்பமானி வாங்குங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்ததை எடுத்துக்கொண்டு வராதீர்கள். அது உடம்புச் சூட்டைத் தாண்டி மேலே படிக்காது. தொழிற்சாலையில் பயன்படுத்தும் வகை வேண்டும். பளபளக்கும் அலுமினியத்தில் பிடித்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், மோட்டாரின் முன்முகத் தகட்டில் சிறிய கறுப்பு டேப் துண்டு ஒட்டி அதன்மேல் பிடியுங்கள். ஜாக்கெட்டின் மேல் பிடித்தால் தண்ணீரின் சூட்டைத்தான் பார்ப்பீர்கள்.

கரையில், தண்ணீருக்கு வெளியே, முழு வேகத்தில் சுழற்றிக் காட்டும் பழக்கம் வேண்டாம். ஷாஃப்ட் குழாய் காய்ந்து தேயும். விரல் போகும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

படகைத் தண்ணீரில் விட்டு, பாதி வேகத்தில் ஒரு சுற்று. வெளியேறும் தண்ணீர்க் கோட்டைப் பாருங்கள். பிறகு முப்பது விநாடி முழு வேகம், கரைக்கு வாருங்கள், மூடியைத் திறந்து அளங்கள். ஒரு நிமிடம் கழித்து இன்னொரு முறை அளங்கள். இந்த இரண்டாம் அளவு முக்கியம். படகு நின்றதும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும். உள்ளே கம்பியில் இருக்கும் சூடு மெல்ல வெளியே வந்து சேரும். முதலில் 50 காட்டியது 60-ஐத் தொடலாம். எது அதிகமோ அதுதான் உங்கள் கணக்கு.

இரண்டாவது எண் 60-க்குள் இருந்தால் அடுத்து ஒரு நிமிடம், அதற்கடுத்து ஒன்றரை, இரண்டு என்று ஏறுங்கள். 60-ஐத் தாண்டினால் அங்கேயே நிறுத்தி, சிறிய புரொப்பல்லருக்கு இறங்குங்கள். 80-ஐத் தொட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது. உள்ளே கம்பி அதைவிட வெகு சூடாக இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசியிலும் கால் வேகத்தில் ஒரு சுற்று விட்டுத் தண்ணீர் ஓட்டத்தோடு ஆறவைத்துக் கொண்டுவருவது நல்ல பழக்கம்.

ஆம்பியர் அளக்கும் கருவி இல்லையே என்பவர்களுக்குச் சார்ஜரே போதும். ஓட்டிய விநாடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து சார்ஜ் போடும்போது எத்தனை மில்லி ஆம்பியர்-மணி உள்ளே போனது என்று அது காட்டும். 5000 பேட்டரியில் 2 நிமிட ஓட்டத்துக்குப் பின் 2400 திரும்பப் போனது என்றால், 2.4-ஐ 60-ஆல் பெருக்கி 2-ஆல் வகுங்கள்: சராசரி 72 ஆம்பியர். உச்சம் இதைவிட மிக அதிகமாகவே இருந்திருக்கும். புரொப்பல்லர் மாற்றிய நாளில் இந்த எண் 72-லிருந்து 90-க்குப் போனால், வெப்பமானி எடுப்பதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. தேதி, புரொப்பல்லர், செல், விநாடி, சராசரி ஆம்பியர், இரண்டாம் அளவுச் சூடு: இந்த ஆறையும் ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுதி வையுங்கள்.

ரிமோட்டில் நேர எச்சரிக்கை வைக்கும் வசதி இருந்தால் வைத்துவிடுங்கள். பந்தயச் சூட்டில் யாருக்கும் விநாடி நினைவிருக்காது.

கோடையில்

சித்திரை, வைகாசியில் ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தொடுகின்றன. குட்டைத் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும். டேப் ஒட்டி மூடிய படகின் வயிற்றுக்குள் காற்றோட்டம் கிடையாது. அதிகாலையில் 60-இல் நின்ற அதே படகு மதியம் 70-ஐத் தாண்டும். படகு கெட்டுவிட்டது என்று பொருளல்ல. காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அல்லது புரொப்பல்லரில் ஒரு படி இறங்குங்கள். இரண்டு ஓட்டத்துக்கு நடுவே மூடியைத் திறந்து வேப்ப மர நிழலில் வையுங்கள். மோட்டார் கையால் தொட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுக்கு ஆறாமல் அடுத்த பேட்டரியை மாட்ட வேண்டாம். லிப்போ பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

சந்தேகம் வந்த மோட்டார்

ஒரு முறை வார்னிஷ் வாடை வந்துவிட்டால் அந்த மோட்டாரை நம்புவதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புதிதாக வாங்கியதுமே ஒரு வேலை செய்து வைத்திருக்க வேண்டும். ஷாஃப்ட் எதுவும் மாட்டாமல் மோட்டாரை மட்டும் இறுக்கிப் பிடித்து, இரண்டு செல் பேட்டரியில் சில விநாடி சுழற்றி, வாட்மீட்டரில் எத்தனை ஆம்பியர் காட்டுகிறது என்று பார்த்து, அந்த எண்ணை மோட்டார்ப் பெட்டியின் மேல் எழுதுங்கள். சந்தேகம் வரும் நாளில் அதே பேட்டரி, அதே முறை. எண் கணிசமாக ஏறியிருந்தால் காந்தம் இளைத்திருக்கிறது, அல்லது பேரிங் போயிருக்கிறது. கையால் சுற்றிப் பாருங்கள்: கரகரவென்றால் பேரிங், மாற்றிக்கொள்ளலாம். பேரிங் சுத்தமாக இருந்து, முன்பு அழுத்தமாகத் தட்டித் தட்டி நின்றது இப்போது வழவழவென்று சுற்றினால் காந்தம்தான்.

அதை ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஐந்து குதிரைசக்தி மோட்டாருக்கு ஒரே நாளில் காயில் கட்டித் தருகிறவர் கைவேலையில் குறை இல்லை. அவர் புதுக் கம்பி சுற்றித் தந்தாலும் உள்ளே இருக்கும் காந்தம் பழையதுதான்.